மன்னார்த் தீவுக்கு முதுகில பேக்கோட போற சோடிகள் விடுற பிழையள், நாங்களும் விட்டதுதான்

கலியாணம் முடிச்சு மூண்டாம் வருசம் ஆனி மாசம் நானும் மனுசியும் புதுக்குடியிருப்பில இருந்து மன்னாருக்கு வெளிக்கிட்டனாங்கள். கார் வான் ஒண்டும் இல்லை, ஆளுக்கொரு பேக், போற வாற எல்லாம் பஸ், ஏலாமப் போனா ஓட்டோ, நாலு நாள். மாமி வாசலில நிண்டு கேட்டா, "உங்க கிடக்கிற மன்னாருக்கு ஏன் பிள்ளை மூட்டை கட்டுறியள்?" எண்டு. வெள்ளைக்காரன் பேக்கைத் தூக்கிக்கொண்டு வந்தா டூரிஸ்ட், எங்கட ஆக்கள் தூக்கிக்கொண்டு நடந்தா இடம்பெயர்வு, வன்னிச் சனத்தின்ர கண்ணுக்கு இண்டைக்கும் அப்பிடித்தான் படுது, என்ன செய்யிறது.

ஆனா மூட்டை எண்டு அவ சொன்னது சரி. பேசாலையில மீன் நிறுக்கிற இடத்தில நிண்டு விடுப்புப் பாக்கேக்க மனுசி பகிடிக்குத் தன்ர பேக்கைக் கொண்டுபோய்த் தராசுக் கொக்கியில கொழுவினா, 13 கிலோ. முதலாளி முள்ளைப் பாத்திட்டு, "அறக்குளாவெண்டா இண்டைக்கு நல்ல காசு தங்கச்சி" எண்டார். உள்ளுக்க என்னெண்டா கோயிலுக்கு ஒரு சீலை, போட்டோவுக்கு ரெண்டு சட்டை, மூண்டு சோடி செருப்பு, ஒரு அயன் பொக்ஸ்! அயன் பொக்ஸ் என்ர ஐடியா, ஒத்துக்கொள்ளுறன். நாலு நாளைக்கு ஆளுக்கு மூண்டு உடுப்புக் காணும், ஒரு சாரம், ஒரு துவாய், டோர்ச், நுளம்புத் திரி, தண்ணிப் போத்தில். சாரம் எண்டது பெரிய சாமான், போர்த்துப் படுக்கலாம், கடற்கரையில விரிக்கலாம், கோயிலுக்குக் கட்டலாம்.

பெரிய பிழை பிளான் போடுறதுலதான் வருது. நாங்கள் முதல் நாளுக்கே எழுதி வைச்சது திருக்கேதீச்சரம், கோட்டை, பள்ளிமுனைப் பெருக்க மரம் (பாவோபாப் எண்டுறது), பேசாலை, தலைமன்னார் இறங்குதுறை. மப்பில பாத்தா எல்லாம் ஒரு விரலுக்க அடங்கும், ஆனா மன்னார் ரவுணில இருந்து தலைமன்னார் இறங்குதுறைக்கு 30 கிலோமீற்றருக்குக் கிட்ட, அதையும் பஸ் ஒவ்வொரு ஒழுங்கையிலயும் நிண்டு நிண்டுதான் போகும். விடிய திருக்கேதீச்சரத்தில கும்பிட்டம், சம்பந்தரும் சுந்தரரும் பாடின தலம், பாலாவித் தீர்த்தக் கரையில ஒரு அரை மணித்தியாலம் சும்மா இருந்திருக்கலாம், நான் மணிக்கூட்டைப் பாத்துப் பாத்து மனுசியைக் கிளப்பினன். வெயில் உச்சிக்கு வர கோட்டை வாசல். போத்துக்கீசர் 1560 இல கட்டினது, 1658 இல ஒல்லாந்தர் பிடிச்சது, அதின்ர வாசலில நாங்கள் பிடிச்சது சண்டை. அவ ஒரு பக்கம் நிழலில, நான் ஒரு பக்கம், நடுவில ஒரு கழுதை ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துக்கொண்டு நிண்டுது.

அடுத்த நாள் பேப்பரைக் கிழிச்சுப் போட்டிட்டம். ஒரு நாளைக்கு ஒரு இடம், அதுவும் விடியவோ பின்னேரமோ, பதினொண்டில இருந்து மூண்டு மூண்டரை வரைக்கும் ரூமில ஃபானுக்குக் கீழ கிடக்கிறது. மற்றவை இடங்களை எண்ணுவினம், எண்ணட்டும். பெருக்க மரத்துக்குப் போற ஆக்கள் இறங்கி ஒரு செல்ஃபி எடுத்து ரெண்டு நிமிசத்தில ஓட்டோவில ஏறிடுவினம், அதின்ர அடி சுற்றளவு 19 மீற்றருக்கு மேல, ஒருக்கா ஆறுதலாச் சுத்தி நடந்து பாருங்கோ. அரபு வியாபாரியள் கொண்டுவந்து வைச்ச இனம் எண்டு சொல்லுறவை. சோடியா வாற ஆக்களுக்கு ஒரு கும்பிடு போட்டுக் கேக்கிறன், அதில பேர் வெட்டாதேங்கோ, உங்கட காதலை விட அந்த மரத்துக்கு வயசு கூட.

அடுத்தது ரூம். போனில படம் பாத்து "சீ வியூ" எண்டு நம்பிப் போய் நிண்டா அந்த மனுசன் எங்கட ரெண்டு ஐடியையும் வாங்கி முன்னுக்கும் பின்னுக்கும் திருப்பித் திருப்பிப் பாக்கிறார். மனுசியின்ர ஐடியில இன்னும் தகப்பன் பேர், தகப்பன் வீட்டு விலாசம், மாத்த வேணும் மாத்த வேணும் எண்டு மூண்டு வருசமாச் சொல்லிக்கொண்டிருக்கிறம். "தம்பி, குறை நினைக்காதேங்கோ, இது குடும்பங்கள் வாற இடம்" எண்டார். மனுசிக்கு முகம் சிவந்திட்டுது. பேந்து அவவின்ர அக்காவுக்கு வாட்ஸ்அப்பில அடிச்சு, அவ அலுமாரியைக் கிண்டி விவாகப் பதிவுப் படம் எடுத்து அனுப்பும் வரைக்கும் பிளாஸ்ரிக் கதிரையில இருந்தம், சரியா முக்கால் மணித்தியாலம். பதிவின்ர படம் ஒண்டு போனில எப்பவும் கிடக்கட்டும். கலியாணம் கட்டாத சோடியெண்டா முதலே போன் பண்ணி நேராக் கேளுங்கோ, சில இடத்தில இல்லையெண்டுடுவினம், வாசலில போய்க் கேவலப்படுறதிலும் பாக்க அது நல்லம். கடற்கரையிலயும் கை கோத்து நடக்கிறதோட நிப்பாட்டுங்கோ, அதுக்கு மேல போனா ஊர்ப் பெடியள் கூடிடுவாங்கள்.

போன் பண்ணேக்க ஏசியைக் கேக்கிறதுக்கு முதல் தண்ணியைக் கேளுங்கோ. தீவில கன இடத்தில கிணறு சவர். சவர்க்காரம் நுரைக்காது, தலை முழுகினா மயிர் தும்பு மாதிரி நிக்கும். குடிக்கத் தண்ணி போத்தில்தான், நுங்கு கண்டா விடாதேங்கோ.

இனிக் காத்து. இதை ஆரும் சொல்லுறேல்லை. மன்னார்த் தீவு ஒரு நீட்டுத் துண்டு, தெற்குப் பக்கம் மன்னார் வளைகுடா, வடக்குப் பக்கம் பாக்குக் கடல். வைகாசி ஆனியில இருந்து சோளகம், அதுதான் தென்மேற்குக் காத்து, அடிக்கேக்க தெற்குக் கரை கொதிக்கும், அதே நேரம் வடக்குக் கரை குளம் மாதிரிக் கிடக்கும். மாரியில வாடைக் காத்துக்கு இது அப்பிடியே மறுவளம். நாங்கள் ஆனியில போய்த் தெற்குக் கரையில சாரத்தை விரிச்சுச் சோத்துப் பார்சலைப் பிரிச்சம், நண்டுக்கறி, நல்ல உறைப்பு, ரெண்டு வாய்தான் வைச்சிருப்பம், பேந்து மண். கறிக்க மண், கண்ணுக்க மண், மனுசியின்ர காதுக்கயும் மண். அந்தக் காத்துக்காகத்தான் அந்தக் கரை வழிய 30 காத்தாடி நட்டு வைச்சிருக்கினம், தம்பபவனி எண்டு பேர், 103.5 மெகாவாற், அதைப் பாத்தும் எங்களுக்கு விளங்கேல்லை. ஒரு சம்மாட்டி ஐயா, வள்ளம் வலை வைச்சிருக்கிற முதலாளி, போற வழியில சிரிச்சிட்டுச் சொன்னார், "பிள்ளையள், வள்ளம் எந்தப் பக்கம் இழுத்துக் கிடக்கெண்டு பாத்திட்டெல்லோ பாயை விரிக்கோணும்". குளிக்க இறங்கிறதெண்டாலும் அவையிட்டக் கேட்டிட்டு இறங்குங்கோ, மேலால அலை இல்லையெண்டு கீழ இழுவை இல்லையெண்டு இல்லை. இன்னொண்டு, அந்தக் காத்தாடியளை "வாவ் வடிவு" எண்டு மீன்பிடிக்கிற ஆக்களுக்குச் சொல்லிக்கொண்டு திரியாதேங்கோ, நான் சொல்லி வாங்கிக் கட்டினனான். புதுசா இன்னும் நட வேண்டாமெண்டு 2025 இல மன்னார்ச் சனம் றோட்டில இறங்கி நிண்டது, உங்களுக்கு அது போட்டோ, அவைக்கு அது தொழில்.

ராமர் பாலம் பாக்கப் போட் பிடிப்பம் எண்டு வாறவையும் இருக்கினம். அந்த மணல் திட்டுகள் 2015 இல தேசியப் பூங்காவா ஆக்கின இடம், நேவியின்ர காவல் வேற, ஆரோ ஒரு பெடியன் "அண்ணை நான் கொண்டுபோய்க் காட்டுறன்" எண்டா ஏறிடாதேங்கோ, அனுமதி இருக்கோ எண்டு கேளுங்கோ. பூநாரையும் அப்பிடித்தான், தள்ளாடிப் பாலத்தடியில றோட்டில நிண்டே கூட்டம் கூட்டமாப் பாக்கலாம், வங்காலைப் பறவைகள் சரணாலயம் அது, ஆனா தை மாசியில. ஆனியில போய் நாங்கள் பாத்தது காஞ்ச சேறும் கொஞ்சக் கொக்கும்.

மடு மாதா கோயிலுக்கு ஆவணித் திருவிழா நேரம், ஆகஸ்ட் 15 க்குக் கிட்ட, ஆறுதலாச் சுத்தலாம் எண்டு நினைச்சுப் போகாதேங்கோ, லட்சக்கணக்கில சனம், நேர்த்திக்குப் போறதெண்டா போங்கோ. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மாவுக்கு முஸ்லிம் கடையள் பூட்டுவினம், சைவக்கடையில எண்டைக்கும் மீன் கேக்கேலாது, ஆகையால வெள்ளி மத்தியானச் சாப்பாட்டை முதலே யோசிச்சு வையுங்கோ. வழியில பாலைப்பழம் விக்கினமெண்டா வாங்குங்கோ, ஆனா பஸ் ஏறுற நேரம் தின்னாதேங்கோ, உதடு ரெண்டும் ஒட்டிக்கொள்ளும், கொண்டக்டருக்கு இடம் சொல்ல வாய் திறக்காது.

மோட்டச்சைக்கிள் வாடைக்கு எடுத்தா பொழுதுபட முதல் ரூமுக்கு வந்திடுங்கோ. தீவுக்க கழுதை, லைற் இல்லாத றோட்டில நடுவில படுத்துக் கிடக்கும், மடுப் பக்கக் காட்டு றோட்டெண்டா யானை. பெருநிலத்தில பத்தையளுக்க குறுக்குப் பாதை தேடாதேங்கோ, சிவப்புப் போட்டில மண்டையோடு போட்டிருந்தா அது டூரிஸ்டுக்குப் போட்ட அலங்காரம் இல்லை, மிதிவெடி. வெளியூர்ச் சோடியள் சில பேர் இஞ்சால எங்கட பக்கம் முல்லைத்தீவுக் கடற்கரைக்கும் வருவினம், வாங்கோ, நல்ல கடல், ஆனா முள்ளிவாய்க்காலில இறங்கினா செல்ஃபிக் குச்சியைப் பேக்குக்க வையுங்கோ. அந்த மணலுக்க எங்கட வீட்டு ஆக்களும் இருக்கினம்.

றெயினைப் பற்றி ஒரு வரி. கிளிநொச்சியில ஏறினா மன்னாரில இறங்கலாம் எண்டு நினைக்கிறவை கன பேர். தலைமன்னார்ப் பாதை மதவாச்சியில பிரியுது, வவுனியாவையும் தாண்டித் தெற்க போய் இறங்கி மாறோணும். எங்களுக்குப் பஸ்தான் லேசு, பரந்தனால பூநகரி போய் ஏ-32 பிடிச்சா நேரா மன்னார்.

பஸ் எண்டோன்னதான் கடைசிப் பிழை ஞாபகம் வருது. தலைமன்னாரில சூரியன் விழுறதைப் பாத்திட்டுப் போவம் எண்டு இருந்தம், வடிவாத்தான் விழுந்துது, அந்தப் பழைய இறங்குதுறைத் தூணுகளுக்குப் பின்னால. 1964 புயலுக்கு முதல் ராமேஸ்வரம் பக்கமிருந்து கப்பலில வந்து இறங்கிற சனம் இதாலதான் நடந்திருக்கும் எண்டு நான் மனுசிக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்க கடைசி பஸ் போட்டுது. கடைசி பஸ் எத்தினை மணிக்கெண்டு நான் கூகுளிட்டக் கேட்டனான், ரீக்கடை அக்காவிட்டக் கேட்டிருக்கோணும். ஓட்டோவும் இல்லை. கடைசியில கருவாட்டு லொறி ஒண்டு நிப்பாட்டினது, முன் சீற்றில எங்கள் ரெண்டு பேருக்கும் இடம், பேக் ரெண்டும் பின்னால சூடைக் கருவாட்டுச் சாக்குக்கு மேல. மூண்டு தரம் தோய்ச்சாச்சு. மனுசி அந்தப் பேக்கை இப்ப வீட்டுக்க எடுக்கிறேல்லை, கோடிக்க வேலியில கொழுவிக் கிடக்கு, பூனையள்தான் வந்து மணந்து பாத்திட்டுப் போகுதுகள்.