தடிமன் காய்ச்சலில் ஈரலையும் கவனியுங்கள்

திருகோணமலை டவுனில் ஒரு பாமசியில் மருந்து கொடுக்கிறேன். மாரி தொடங்கி வீட்டுக்கு வீடு தடிமன் காய்ச்சல் வந்துவிட்டால், சளிக்கு என்ன குடிக்கலாம் என்று எல்லோரும் கேட்பார்கள். ஈரலைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

போன மாரியில் பக்கத்துச் சல்லிக் கிராமத்திலிருந்து வந்த ஓர் அக்கா, மாமனாரின் மருந்துப் பையை மேசையில் கொட்டினார். ஒரு பனடோல் அட்டை, ஒரு தடிமன் குளிசை அட்டை, பெயர் எழுதாத ஒரு வெள்ளை உறை. உறைக்குள் இருந்த குளிசையில் பொறித்த எழுத்தைப் பார்த்தேன். பனடோலிலும் தடிமன் குளிசையிலும் இருக்கும் பரசிட்டமோல்தான் அதுவும்! மூன்றிலும் முறையே ஆறு, மூன்று, ஆறு என்று ஒரு நாளைக்கு 15 குளிசை, ஒவ்வொன்றும் 500 மில்லிகிராம், மொத்தம் ஏழரை கிராம். நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்கே 24 மணி நேரத்தில் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டுதான் உச்சம். மெலிந்தவருக்கும் சாராயம் குடிப்பவருக்கும் அதைவிடக் குறைவு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன்.

அதனால் முதல் வேலை, ஒரு கொப்பி. நேரம், மருந்தின் பெயர், மில்லிகிராம் மூன்றையும் எழுதுங்கள். பரசிட்டமோலுக்கு இடையில் குறைந்தது 4 மணி நேரம் விடுங்கள். உறையில் பெயர் இல்லையென்றால் எழுதித் தரும்படி கேளுங்கள், அது உங்கள் உரிமை.

அடுத்தது சாப்பாடு. பரசிட்டமோலில் ஒரு சிறு பங்கு ஈரலில் நஞ்சாக மாறும். அதை அடக்குவது ஈரலில் இருக்கும் குளூட்டாதயோன் என்ற பொருள். அது, பல நாள் பட்டினி கிடந்தால் குறைந்துபோகும். கொஞ்சம் கஞ்சியாவது உள்ளே போகட்டும்.

கோவிட், இன்புளுவென்சா போன்றவற்றிலேயே இரத்தப் பரிசோதனையில் ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி அளவுகள் கூடலாம். பெரும்பாலும் கொஞ்சம்தான் கூடும், நோய் தணிய இறங்கிவிடும். எஸ்ஜிஓடி தசையிலும் இருப்பதால், அது மட்டும் கூடினால் ஈரல்தான் காரணம் என்று பயப்பட வேண்டாம்.

பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுக்கவே கூடாது. இன்புளுவென்சாவோடு அது சேர்ந்தால் ஈரலையும் மூளையையும் தாக்கும் ரைஸ் நோய் வரலாம். சீந்தில் குடிநீரும் கவனம். கோவிட் காலத்தில் அதைக் குடித்தவர்களுக்கு ஈரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அப்புறம், 2017இல் டெங்குவால் கிண்ணியா பட்டபாடு நமக்குத் தெரியும். காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம், டெங்குவில் இரத்தக்கசிவைக் கூட்டக்கூடிய டைக்குளோபெனக், ஐபுபுரோபன் போன்ற நோவு மருந்துகள் இரத்தம் சோதிக்காமல் வேண்டாம்.

கண் மஞ்சளாவது, சலம் (சிறுநீர்) பிளேன்டீ நிறமாவது, விடாத வாந்தி, வலது விலாவுக்குக் கீழ் நோவு, தடுமாற்றம் எதைக் கண்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குளிசை கூடிவிட்டது என்று தெரிந்தால் இவற்றுக்காகக் காத்திருக்காதீர்கள். முதல் நாள் ஆள் நன்றாகவே இருப்பதுபோலத் தோன்றலாம். பரசிட்டமோல் நஞ்சை முறிக்கும் மருந்து அசிட்டைல்சிஸ்டீன், குளிசை கூடுதலாகக் குடித்து 8 மணி நேரத்துக்குள் ஏற்றினால் மிக நன்றாக வேலை செய்யும். போகும்போது கொப்பியோடு வெறும் அட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.