லஸ்கருக்கு மழை அளக்க கத்துக்கொடுக்கணுமா? ப்ரொஜெக்டரை ஓரமா வைங்க

ஏரி, அணைக்கட்டு பக்கம் ஷட்டர், வாய்க்கால் பாத்துக்கற லஸ்கர் மாதிரி ஸ்டாஃபுக்கு ட்ரெய்னிங் குடுக்கச் சொல்லி ஏ.இ. (உதவிப் பொறியாளர்) தலையில கட்டிடுவாங்க, அவரும் மேகம் எப்படி உருவாகுதுன்னு ஆரம்பிச்சு நாப்பது ஸ்லைடு ஓட்டுவாரு, டீ வர்றதுக்குள்ள பாதி பேர் தூங்கிடுவாங்க. அதை விட்டுட்டு நேரா மழைமானிகிட்ட கூட்டிட்டு போங்க.

முதல் வேலை, 500 மில்லி தண்ணிய ஒரு பாட்டில்ல எடுத்துட்டுப் போய் அளவு சொல்லாம புனல்ல ஊத்துங்க. நம்ம ஊர்ல இருக்கற ஃபைபர் மழைமானில வாய் 200 சதுர செ.மீ., 100 சதுர செ.மீ.ன்னு ரெண்டு சைஸ் இருக்கு. 200னா 1 மி.மீ. மழைக்கு 20 மில்லி தண்ணி, அப்போ நீங்க ஊத்தினது 25 மி.மீ. ஒவ்வொருத்தரையும் தனித்தனியா அளந்து, பக்கத்துல இருக்கறவருக்கு காட்டாம சீட்டுல எழுதச் சொல்லுங்க. சீட்டைப் பிரிச்சா 24லேருந்து 27 வரைக்கும் இருக்கும். ஏன்னா ஒருத்தர் மி.மீ. கோடு போட்ட அளவு கிளாஸை கையில தூக்கிப் புடிச்சு பாத்திருப்பாரு, இன்னொருத்தர் மேலேருந்து குனிஞ்சு பாத்திருப்பாரு. கிளாஸை சமமான இடத்துல வெச்சு, கண்ணை தண்ணி மட்டத்துக்கு கொண்டுவந்து, நடுவுல குழிஞ்சிருக்கற அடிப்பக்கத்தைத்தான் படிக்கணும்னு அப்ப சொன்னா மனசுல நிக்கும். தண்ணி ஜாஸ்தியா இருந்தா கிளாஸ் ஒரே தடவைல கொள்ளாது, ஒவ்வொரு தடவை ஊத்தும்போதும் எழுதிட்டு கடைசில கூட்டணும், மனக்கணக்கு வேண்டாம்.

அடுத்து, வேணும்னே 100 சதுர செ.மீ. மழைமானியோட கிளாஸைக் குடுத்து அதே தண்ணிய அளக்கச் சொல்லுங்க. 50 மி.மீ. காட்டும்! கிளாஸ் உடைஞ்சதும் ஸ்டோர்ல கிடைச்சதை வாங்கி வைக்கற பழக்கம் பல இடத்துல இருக்கு, அங்க மழை பாதியாவோ ரெட்டிப்பாவோதான் பதிவாகிட்டு இருக்கும்.

நேரம், தேதி. காலைல 8.30க்கு எடுக்கறது முந்தின 24 மணி நேர மழை, எடுத்த நாளோட தேதியிலதான் எழுதணும். 17ஆம் தேதி சாயங்காலம் கொட்டின மழை 18ஆம் தேதி கணக்குல வரும். இதுல குழப்பம் வந்தா பக்கத்து ஸ்டேஷன் மழையோடவும் ஒத்துப்போகாது, ஏரிக்கு வந்த தண்ணியோடவும் ஒத்துப்போகாது. மழையே இல்லைன்னா 0 எழுதணும், போய் பாக்கலைன்னா 'பார்க்கவில்லை'ன்னு எழுதணும், ரெண்டும் ஒண்ணு இல்ல. வீட்டுல உக்காந்து 'ஒரு பத்து இருக்கும்'னு போடறதை விட காலியா விட்டது எவ்வளவோ மேல், இதை மட்டும் கொஞ்சம் கடுமையாவே சொல்லுங்க. வாட்ஸ்ஆப்ல அனுப்பும்போது மி.மீ. மட்டும்தான், ஒரே மழையை ஒருத்தர் செ.மீ.ல 8.2ன்னும் இன்னொருத்தர் மி.மீ.ல 82ன்னும் அனுப்பினா கன்ட்ரோல் ரூம்ல இருக்கறவர் என்னதான் பண்ணுவாரு.

பெருமழை அன்னிக்கு என்ன செய்யணும்னு தனியா ஒத்திகை பாருங்க. 2023 டிசம்பர் 18 காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்துல காயல்பட்டினத்துல 95 செ.மீ. பெஞ்சுது. 200 சதுர செ.மீ. மழைமானிக்குள்ள 10 லிட்டர் பாட்டில் இருந்தாலே 500 மி.மீ.லயே நிரம்பிடும், மீதி வழிஞ்சு போயிடும். அதனால ராத்திரின்னாலும் நடுவுல நடுவுல போய் அளந்து, மணியோட எழுதி வெச்சுட்டு 8.30க்கு மொத்தமா கூட்டணும். டார்ச், ரெயின்கோட் குடுக்காம இதை எதிர்பாக்காதீங்க.

இடமும் பாக்கணும். மழைமானி வாய் தரையிலேருந்து 30 செ.மீ. உயரத்துல, மட்டமா இருக்கணும், சுத்தி இருக்கற மரம், சுவர் எல்லாம் அதோட உயரத்தைப் போல ரெண்டு மடங்கு தூரமாவது தள்ளி இருக்கணும். வெச்சப்போ சரியாத்தான் வெச்சிருப்பாங்க, அப்புறம் யாரோ நட்ட வேப்பங்கன்னு இப்ப குடையா நிக்கும்.

ஆட்டோமேட்டிக் மழைமானி வந்துடுச்சே, இதெல்லாம் எதுக்குன்னு கண்டிப்பா ஒருத்தர் கேப்பாரு. அதுக்குள்ள இருக்கற டிப்பிங் பக்கெட்ல (நிறைஞ்சதும் கவுந்து, ஒவ்வொரு தடவையும் ஒரு 'டிப்'னு எண்ணற குட்டி வாளி) இலை, எறும்பு, காக்கா எச்சம் அடைச்சுக்கிட்டா வெளிய கொட்டும்போதே அது 0 அனுப்பும். 200 சதுர செ.மீ. வாய், ஒரு டிப்புக்கு 0.2 மி.மீ.ன்னா 4 மில்லி. 400 மில்லிய சொட்டு சொட்டா விட்டு 100 டிப் வருதான்னு அவங்களையே எண்ண விடுங்க, கேள்வி கேட்டவரையே முதல்ல எண்ண விடுங்க.

அதுக்கப்புறம்தான் கணக்கு. 100 சதுர கி.மீ. நீர்ப்பிடிப்புல சராசரியா 100 மி.மீ. பெஞ்சா ஏறக்குறைய 353 மில்லியன் கனஅடி, அதுல பாதி ஓடி வந்தா 177. அந்த 'பாதி' எல்லா நாளும் பாதியா இருக்காது, காஞ்ச நிலம் குடிச்சிடும், ஊறின நிலம் அப்படியே தள்ளிவிடும். 2015 டிசம்பர் 2 காலை வரைக்குமான ஒரே நாள்ல தாம்பரத்துல 49 செ.மீ., செம்பரம்பாக்கத்துல 47 செ.மீ., அதுவும் நவம்பர் மழைல ஏரிங்க நிரம்பி நிலம் ஊறிப்போயிருந்த நேரத்துல. இந்த உதாரணத்தைச் சொல்லிட்டு, உங்க மழைமானில 25ஐ 50ன்னு எழுதினா ஷட்டரை எப்ப தூக்கறதுங்கற கணக்கு என்ன ஆகும்னு கேளுங்க, கொஞ்ச நேரம் அவங்களே பேசட்டும்.

ஆவியாதல் தொட்டிய, அதாவது தண்ணி எவ்வளவு ஆவியாகுதுன்னு அளக்கத் திறந்து வெச்சிருக்கற தொட்டிய, சுருக்கமா முடிச்சுக்கலாம். மழை இல்லாத நாள்ல தண்ணிய குறிக்கு ஏத்த எவ்வளவு மி.மீ. ஊத்தினீங்களோ அதான் ஆவியானது. 12 மி.மீ. மழை பெஞ்சு, குறிக்கு கொண்டுவர 8 மி.மீ. எடுத்தீங்கன்னா ஆவியானது 4. ஏரிக்கு அதை 0.7ஆல பெருக்கிக்கலாம். தொட்டில 6 மி.மீ.ன்னா 10 சதுர கி.மீ. நீர்ப்பரப்புல ஒரு நாளைக்கு சுமார் 1.5 மில்லியன் கனஅடி போயிடுது, அதாவது விநாடிக்கு 17 கனஅடி தண்ணி ஒரு வாய்க்கால்ல ராப்பகலா ஓடற மாதிரி. கோடைல 'தண்ணி எங்க சார் போச்சு'ன்னு கேக்கற விவசாயிக்கு லஸ்கரே பதில் சொல்லிடுவாரு.

ட்ரெய்னிங்கை செப்டம்பர்ல வைங்க, வடகிழக்கு பருவமழைக்கு முன்னாடி கிளாஸ், பாட்டில், பேட்டரி மாத்த டைம் கிடைக்கும். நவம்பர்ல ஒரு நாள் சொல்லாம கொள்ளாம 8.30க்கு போய் நில்லுங்க, அவர் அளந்ததும் நீங்களும் அதே தண்ணிய அளந்து ரெண்டு பேரும் ரெஜிஸ்டர்ல கையெழுத்து போடுங்க.