பென் டிரைவில் வந்த ஃபைல் அதுதானா? ஹேஷ் வைத்துப் பார்க்கலாம்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கோத்தகிரியில் கரண்டையும் நம்ப முடியாது, டவரையும் நம்ப முடியாது. பெரிய சாஃப்ட்வேர் என்றால் பென் டிரைவ்தான் வீடு வீடாகப் போகும். போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா ஒன்றைக் கொண்டுவந்தார். "தம்பி, இது வீடியோ பார்க்கிற விஎல்சி பிளேயர்தானே? போடலாமா?"

பெயர் என்னவோ விஎல்சிதான். ஆனால் பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றி வைக்கலாமே. உள்ளே ஒரு பைட் மாறினாலும் காட்டிக்கொடுப்பது ஹேஷ். அதை ஃபைலின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்ஹெச்ஏ-256 முறையில் எவ்வளவு பெரிய ஃபைலுக்கும் 64 எழுத்துதான் வரும்.

முதலில் கை பழகட்டும். நோட்பேடில் ஏ, பி, சி என்ற மூன்று ஆங்கிலச் சின்ன எழுத்துகளை மட்டும் சேர்த்து அடியுங்கள். ஸ்பேஸ், என்டர் எதுவும் வேண்டாம். சேமித்துவிட்டு, ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து 7-ஸிப், சிஆர்சி எஸ்ஹெச்ஏ, எஸ்ஹெச்ஏ-256 என்று போங்கள். (7-ஸிப் என்பது ஃபைல்களைச் சுருக்கும் சாஃப்ட்வேர், இலவசம்தான்.) விடை "பிஏ7816பிஎஃப்" என்று தொடங்கி "15ஏடி" என்று முடியும். குன்னூரில் அடித்தாலும் சென்னையில் அடித்தாலும் இதேதான். இப்போது கடைசி எழுத்தை மட்டும் பெரிய எழுத்தாக்கித் திரும்பப் பாருங்கள். அடையாளமே தெரியாமல் மாறியிருக்கும்.

அடுத்து, பென் டிரைவில் வந்த ஃபைலுக்கும் அப்படியே ஹேஷ் எடுங்கள். அதை விஎல்சியை வெளியிடும் வீடியோலேன் தளத்தில் போட்டிருக்கும் ஹேஷோடு ஒப்பிடுங்கள். 64 எழுத்துதானே, டவர் ஒரு கோடு இருந்தாலும் வந்துவிடும். வெர்ஷன் எண், 32 பிட்டா 64 பிட்டா என்பதெல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். பென் டிரைவிலேயே ஹேஷ் எழுதிய ஃபைல் இருந்தால் அதை நம்பவே வேண்டாம். ஃபைலை மாற்றியவர் அதையும் மாற்றியிருப்பார். எம்டி5, எஸ்ஹெச்ஏ-1 என்ற பழைய ஹேஷ் முறைகளை மட்டும் கொடுத்திருந்தாலும் நான் திருப்தி அடைய மாட்டேன். ஒரே எஸ்ஹெச்ஏ-1 வரும் இரண்டு வெவ்வேறு ஃபைல்களை 2017-லேயே உருவாக்கிக் காட்டிவிட்டார்கள்.

எந்த ஃபைல் என்றே தெரியாவிட்டால், ஃபைலில் வைரஸ் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் வைரஸ்டோட்டல் தளத்தின் தேடல் பெட்டியில் ஹேஷை மட்டும் ஒட்டுங்கள். ஃபைலை ஏற்ற வேண்டாம். அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டும் என்எஸ்ஆர்எல் என்ற பெயரில் தெரிந்த சாஃப்ட்வேர் ஃபைல்களின் ஹேஷ்களைத் தொகுத்து வைத்திருக்கிறது. கணினித் தடயம் ஆராய்பவர்கள் அதை வைத்துத் தெரிந்த ஃபைல்களைக் கழித்துவிட்டு மிச்சத்தைத் தேடுவார்கள். பட்டியலில் இருந்தால் "தெரிந்த ஃபைல்" என்றுதான் அர்த்தம், "நல்ல ஃபைல்" என்று அல்ல.

அக்காவின் ஹேஷ் பொருந்தவில்லை. சைஸைப் பார்த்தால் பாதிதான் இருந்தது. காப்பி ஆகும்போதே கரண்ட் போயிருக்கிறது. மறுபடி காப்பி செய்து பார்த்தோம். 64 எழுத்தும் ஒத்துவந்த பிறகுதான் இன்ஸ்டால் செய்தோம்.