சிலைக்கு வெளியே நிற்கும் பெண்

கியூர்பைப் நகரில், ‘போல்’ என்ற இளைஞன் விர்ஜினி என்ற பெண்ணைத் தூக்கிக்கொண்டு நிற்கும் சிலையைப் பார்க்காத மொரீசியஸ்காரர் குறைவு. இருவரும் ‘போல் எ விர்ஜினி’ (போலும் விர்ஜினியும்) என்ற நாவலின் பாத்திரங்கள். மொரீசியஸில் நடக்கும் இந்தக் கதையை பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்தன் தெ சேன் பியேர் 1788இல் வெளியிட்டார். அதைச் சூழலியல் பெண்ணியப் பார்வையில், அதாவது பெண் ஒடுக்கப்படுவதையும் இயற்கை சுரண்டப்படுவதையும் சேர்த்துப் பார்க்கும் பார்வையில், படிக்கும் நம்மவர்கள் சில தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

முதலாவது, பெண்ணையும் இயற்கையையும் ஒன்றாக்கிப் போற்றுவது. நாவலில் போல், விர்ஜினி என்ற இரண்டு குழந்தைகள் பிறந்தபோதும் ஆளுக்கொரு தென்னை நடுகிறார்கள். தென்னங்கன்றைப் ‘பிள்ளை’ என்றே சொல்லும் நமக்கு மனம் உருகிவிடுகிறது. சரி, உருகட்டும். ஆனால் “பெண் என்றால் மண், பொறுமை, தூய்மை” என்று அங்கேயே நின்றுவிட்டால், காலனிய ஆண் எழுத்தாளர் சொன்னதையே நாமும் சொல்கிறோம். அந்த மண்ணில் பாடுபட்டது யார் என்று பாருங்கள். உழுது விதைப்பவர் தொமிங்கு. சமைப்பது, கோழி வளர்ப்பது, மிஞ்சியதைப் போர்ட் லூயிஸில் விற்பது எல்லாம் மரி. இருவருமே அடிமைகள்.

இன்னொரு பெண்ணையும் விட்டுவிடுகிறோம். தோட்டத்திலிருந்து தப்பி, எலும்பும் தோலுமாக ஓர் அடிமைப் பெண் வந்து நிற்கிறாள். விர்ஜினி தன் காலை உணவைக் கொடுக்கிறாள். அப்புறம் அவளை எஜமானிடமே கூட்டிப்போய் மன்னிப்புக் கேட்கிறாள். மன்னித்ததாகச் சொன்னவன், அவளைக் கட்டையோடு சங்கிலியில் பிணைத்து, கழுத்தில் மூன்று கொக்கி வைத்த இரும்பு வளையத்தை மாட்டுகிறான். அவளுக்குப் பெயர்கூட இல்லை. சிலையில் நாம் காணும் காட்சி, அதாவது விர்ஜினியைப் போல் சுமந்துகொண்டு ஆற்றைக் கடப்பது, இந்த அடிமைப் பெண்ணை ஒப்படைத்துவிட்டுத் திரும்பும் வழியில்தான். விர்ஜினியின் இரக்கத்தைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு இவளை ஒரே வரியில் முடிக்கும் கட்டுரைகளை என்னால் ஏற்கவே முடியவில்லை.

நாவலின் காட்டைக் கைபடாத காடு என்று எண்ணுவதும் தவறு. டச்சுக்காரர்கள் அதற்கு முன்பே கருங்காலியை வெட்டிக் கப்பலேற்றியிருந்தார்கள்.

நம் பாட்டிமாரின் கரும்புத் தோட்டத்தைக் கதைக்குள் கொண்டுவருவது வேறொரு தவறு. கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் வரத் தொடங்கியது 1834இல். நாவலில் விர்ஜினியைப் பலிகொண்ட சேன் ஜெரான் கப்பல் உடைந்ததோ 1744இல். அப்போதும் தமிழர் இருந்தார்கள். புதுச்சேரியிலிருந்து வந்த கொத்தர்களும் தச்சர்களும் போர்ட் லூயிஸில் வேலை செய்தார்கள். விர்ஜினியின் இறுதிச் சடங்கை நிதானமாகப் படியுங்கள். வங்காளத்திலிருந்தும் மலபார்க் கரையிலிருந்தும் வந்த பெண்கள் கூண்டுகளோடு வருகிறார்கள். அவள் உடலுக்கு மேலே பறவைகளைத் திறந்துவிடுகிறார்கள். அவர்கள் யார் வீட்டில் வேலை செய்தார்கள், எந்தக் கப்பலில் வந்தார்கள் என்று அந்தப் பக்கத்தில் ஒரு சொல்லும் இல்லை.