சம்மர் லீக் பார்த்து இளம் வீரர்களை எடைபோடும்போது நாம் செய்யும் தவறுகள்

2023 ஜூலை 7. லாஸ் வேகஸில் தாமஸ் அண்ட் மேக் அரங்கம் நிரம்பி வழிகிறது. ஏழடி நான்கு அங்குல உயரமுள்ள விக்டர் வெம்பன்யாமா, அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து அணிகள் இளம் வீரர்களை இறக்கிப் பார்க்கும் கோடைப் போட்டியான சம்மர் லீக்கில், சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் சட்டையில் முதல்முறையாக இறங்குகிறார். ஆட்டம் முடிந்தபோது அவர் எறிந்த 13 ஷாட்டில் 2தான் வளையத்துக்குள் போயிருந்தது. மொத்தம் 9 பாயிண்ட். இவ்வளவு ஆர்ப்பாட்டம் இதற்குத்தானா என்று கேட்காத ஆளில்லை. இரண்டு நாள் கழித்து போர்ட்லாண்டுக்கு எதிராக 27 பாயிண்ட், 12 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது). உடனே பேச்சு தலைகீழாக மாறியது.

இரண்டுமே அவசரத் தீர்ப்பு. முதல் ஆட்டத்திலேயே கவனிக்க வேண்டிய ஒன்று இருந்தது: அவர் போட்ட 5 பிளாக், அதாவது எதிராளி எறிந்த பந்தைக் கையால் தடுத்தது. ஷாட் விழாத நாளிலும் அவருடைய கை அவ்வளவு தூரம் நீண்டது. பிரெஞ்சு லீக்கின் இறுதிச் சுற்றை ஜூனில் ஆடி முடித்துவிட்டு, டிராஃப்ட் (என்பிஏ அணிகள் முறைவைத்துப் புதுமுகங்களைத் தேர்வு செய்வது), விளம்பரம், விமானம் என்று அலைந்து வந்த 19 வயதுப் பையனின் கால்களில் அன்று தெம்பு குறைவு. ஷாட் தடுமாறியதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். அடுத்த சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 3.6 பிளாக்குடன் லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். சிறந்த புதுமுக வீரர் விருதும் ஒருமனதாக அவருக்கே போனது.

ஒவ்வொரு ஜூலையிலும் இதே கதை நடக்கிறது. கூடைப்பந்தை விரும்பிப் பார்க்கும் நண்பர்கள்கூட இரண்டு ஆட்டத்தை வைத்து ஒரு பையனின் எதிர்காலத்தையே எழுதிவிடுகிறார்கள். சம்மர் லீக் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்று தெரிந்துகொண்டு பார்த்தால் அதைப் போல ருசியான கூடைப்பந்து கிடையாது.

முதலில், இது என்ன மாதிரி ஆட்டம் என்பதைப் புரிந்துகொள்வோம். ஜூன் கடைசியில் டிராஃப்ட். அதற்கு அடுத்த சில வாரங்களிலேயே சம்மர் லீக். 2004-ல் 6 அணிகளோடு ஆரம்பித்த வேகஸ் போட்டியில் 2018 முதல் 30 அணிகளும் ஆடுகின்றன. ஓர் அணிக்குக் குறைந்தது 5 ஆட்டம். அதற்கு முன்பே சால்ட் லேக் சிட்டியிலும் கலிபோர்னியாவிலும் சிறு போட்டிகள் நடக்கும். களத்தில் இருப்பவர்கள் இப்போதுதான் தேர்வானவர்கள், ஓராண்டு அனுபவமுள்ளவர்கள், யாருமே தேர்வு செய்யாதவர்கள், ஐரோப்பாவிலிருந்து இன்னொரு முறை கதவைத் தட்ட வந்தவர்கள். பெரிய நட்சத்திரங்கள் கோர்ட் ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள், ஆடமாட்டார்கள். பயிற்சி கொடுப்பவர் பெரும்பாலும் உதவி கோச். சேர்ந்து பயிற்சி எடுத்தது சில நாள்தான். ஒருவர் எங்கே வெட்டி ஓடுவார் என்று மற்றவருக்குத் தெரியாது. அதனால் பந்து கை நழுவும், பாஸ் ஆளில்லாத இடத்துக்குப் போகும். இந்தச் சூழலை மறந்துவிட்டுப் போடும் கணக்கு எதுவும் தேறாது.

ஆகப் பெரிய தவறு, பாயிண்டைப் பார்த்து மயங்குவது. 2009-ல் கோல்டன் ஸ்டேட்டுக்காக ஆடிய ஆந்தனி ராண்டால்ஃப் ஒரே ஆட்டத்தில் 42 பாயிண்ட் எடுத்தார். உயரம், வேகம், இடது கை லாகவம் எல்லாம் இருந்தது. அடுத்த நட்சத்திரம் இவர்தான் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். என்பிஏவில் அவர் ஓர் இடத்திலும் நிலைக்கவில்லை. பிறகு ஐரோப்பாவில் போய்த்தான் மதிப்புள்ள வீரரானார்.

2012 இன்னும் நல்ல பாடம். அந்த ஆண்டு வேகஸில் சிறந்த வீரர் விருதை இரண்டு பேர் பகிர்ந்துகொண்டார்கள்: டேமியன் லில்லார்ட், ஜோஷ் செல்பி. இருவருமே பாயிண்டைக் கொட்டிக் குவித்தார்கள். தாளில் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. லில்லார்ட் அடுத்த சீசனில் ஒருமனதாகச் சிறந்த புதுமுகம். செல்பிக்கோ அந்த சீசனே என்பிஏவில் கடைசி சீசனானது. செல்பியின் கணக்கில் பெரும் பங்கு மூன்று பாயிண்ட் ஷாட்டுகள். அதில் பாதிக்கும் மேல் உள்ளே விழுந்தன. அப்படி உலகில் யாரும் நிரந்தரமாக எறிவதில்லை. லில்லார்டிடம் வேறொன்று இருந்தது. ஸ்கிரீன் வந்ததும், அதாவது சக வீரர் வந்து காப்பவரின் வழியை மறித்து நின்றதும், வேகத்தை ஒரு கணம் குறைத்து, காப்பவர் பின்னால் மாட்டிக்கொண்ட பிறகு எழும்பி எறிவார். ஷாட் விழுந்தாலும் விழாவிட்டாலும் அந்த இடத்துக்கு அவரால் எத்தனை முறை வேண்டுமானாலும் போக முடிந்தது. ஆக, எத்தனை பாயிண்ட் என்று கேட்பதை விட, அந்த பாயிண்ட் எந்த வழியில் வந்தது, அந்த வழி சீசன் தொடங்கும் அக்டோபரிலும் திறந்திருக்குமா என்று கேட்பதே சரி.

ஷாட் சதவீதத்தை நம்புவது இதன் கூடப்பிறந்த தவறு. ஒரு சின்னக் கணக்கு. ஒருவர் உண்மையிலேயே 35 சதவீதம் மூன்று பாயிண்ட் போடக்கூடியவர் என்று வைத்துக்கொள்வோம். சம்மர் லீக் முழுக்கச் சேர்த்து 25 முறை எறிகிறார். அதில் அவர் 6 போட்டாலும் வியப்பில்லை, 11 போட்டாலும் வியப்பில்லை. அதிர்ஷ்டத்தின் சாதாரண ஏற்ற இறக்கமே அந்த அளவுக்கு இருக்கும். 6 என்றால் 24 சதவீதம். ‘இவனுக்கு ஷாட்டே வராது’ என்போம். 11 என்றால் 44 சதவீதம். ‘துப்பாக்கி மாதிரி எறிகிறான்’ என்போம். ஆள் ஒருவர்தான், கையும் அதே கைதான்.

2018-ல் டிரே யங்குக்கு நடந்தது இதுதான். சால்ட் லேக் சிட்டியில் முதல் ஆட்டத்தில் 20 எறிந்து 4 போட்டார். முதல் ஷாட் வளையத்தைத் தொடவே இல்லை. டிராஃப்டில் எடுத்த லூக்கா டான்சிச்சை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டு இவரையா வாங்கினார்கள் என்று அட்லாண்டாவை எல்லோரும் திட்டினார்கள். டான்சிச் அந்த சம்மர் லீக்கில் ஆடவே இல்லை என்பதால் ஒப்பீடு இன்னும் கொடுமையாக இருந்தது. ஆனால் ஷாட்டை மறந்துவிட்டு அவருடைய பாஸை மட்டும் பார்த்திருந்தால் வேறு ஆள் தெரிந்திருப்பார். இரண்டு பேர் மறித்து நிற்கும்போது, அவர்களின் இடுப்புக்கும் கைக்கும் நடுவில் பந்தைச் செருகி அனுப்பும் பார்வை அங்கேயே இருந்தது. அந்த சீசனில் ஆட்டத்துக்கு 19.1 பாயிண்ட், 8.1 அசிஸ்ட் (சக வீரர் பாயிண்ட் எடுக்க வழிசெய்யும் பாஸ்). 2021-ல் அணியைக் கிழக்குப் பிரிவின் இறுதிவரை கொண்டு போனார்.

ஷாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பினால், விழுந்ததா என்பதை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள். பந்து கைக்கு வருமுன் பாதம் தயாராக இருக்கிறதா? தவறிய பந்து வளையத்தின் முன்னும் பின்னும் தட்டுகிறதா, இடதும் வலதுமாகச் சிதறுகிறதா? முன்னும் பின்னும் என்றால் பெரும்பாலும் களைப்பு, தூரம் பழகாதது, காலப்போக்கில் சரியாகிவிடும். பக்கவாட்டில் சிதறினால் கை அமைப்பிலேயே ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொள்ளலாம். கல்லூரியில் ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குப் பிறகு யாரும் மறிக்காமல் எறியும் ஷாட்) எப்படி எறிந்தார் என்பதும் வேகஸின் ஐந்து ஆட்டத்தை விட நம்பகமான சாட்சி.

அப்புறம் வயது, அனுபவம். 2015-ல் கைல் ஆண்டர்சன், 2016-ல் டைஸ் ஜோன்ஸ், 2018-ல் ஜோஷ் ஹார்ட், 2025-ல் கைல் ஃபிலிபோவ்ஸ்கி என்று வேகஸில் சிறந்த வீரர் விருது வாங்கியவர்களைப் பாருங்கள். எல்லோருமே ஒரு முழு சீசனை என்பிஏவில் கழித்துவிட்டு வந்தவர்கள். ஓராண்டு பெரியவர்களோடு மோதிவிட்டு வந்தவனுக்கு இந்தக் களம் மெதுவாகத் தெரியும். 19 வயதில் நேற்று வந்தவனோடு அவனை ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை. இரண்டாம் ஆண்டுக்காரர் இங்கே நன்றாக ஆடினால் அது எதிர்பார்த்ததுதான். திணறினால்தான் கொஞ்சம் கவலைப்பட வேண்டும்.

இந்தப் பட்டியலில் ஜோஷ் ஹார்ட்டைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நான் மிக முக்கியமாக நினைக்கும் தவறு அவரை வைத்துத்தான் விளங்கும். 2018 வேகஸில் லேக்கர்ஸுக்காக ஆட்டமே அவர் கையில் இருந்தது, பாயிண்ட் குவித்தார். ஆனால் இன்று நியூயார்க் நிக்ஸ் ரசிகர்கள் அவரை எதற்காகக் கொண்டாடுகிறார்கள்? தன்னை விட உயரமானவர்களுக்கு நடுவில் புகுந்து ரீபவுண்ட் எடுப்பதற்கு. எடுத்த பந்தோடு மூச்சுவிடாமல் எதிர்முனைக்கு ஓடுவதற்கு. சம்மர் லீக்கில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆடுபவர்களில் பெரும்பாலானோர் உண்மையான சீசனில் மூலையில் நின்று பாஸுக்காகக் காத்திருக்க வேண்டியவர்கள். அந்த வேலைக்கு அவர்கள் சரிப்படுவார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும். 2021-ல் டேவியன் மிட்செலுக்கு விருதில் பங்கு கிடைத்தது முக்கியமாக டிஃபென்ஸுக்காக. எதிரணியில் பந்தைக் கொண்டு வந்து ஆட்டத்தை நடத்தும் பாய்ண்ட் கார்டின் மூச்சுக்காற்று படும் தூரத்தில் நின்று, கோர்ட்டின் முழு நீளத்துக்கும் விடாமல் காத்தார். இன்றும் அவருக்குக் களத்தில் நேரம் வாங்கித் தருவது அதே வேலைதான்.

உயரமான வீரர்களை எடைபோடும்போது இரண்டு விஷயத்தை மறந்துவிடுகிறோம். ஒன்று, வளையத்தருகே ஆடும் சென்டருக்குப் பந்து வர வேண்டுமென்றால் கொடுக்கத் தெரிந்த கார்ட் வேண்டும். ஸ்கிரீன் போட்டுவிட்டு வளையத்தை நோக்கிச் சரியாக உருண்டு போகிறார், கையை உயர்த்துகிறார், பந்து வரவில்லை. ஏட்டில் அவருக்கு 4 பாயிண்ட். குற்றம் அவருடையதல்ல. இன்னொன்று ஃபவுல். என்பிஏவில் 6 ஃபவுல் செய்தால் வெளியே. சம்மர் லீக்கில் 10 வரை விடுகிறார்கள். ஆட்டமோ 48 நிமிடம் இல்லை, 40 தான். ஆகவே 4 பிளாக் போட்டார் என்று கைதட்டுமுன் எத்தனை ஃபவுல் செய்தார் என்று பாருங்கள். 7 என்றால், உண்மையான ஆட்டத்தில் அவர் பாதியிலேயே பெஞ்சுக்குப் போயிருப்பார்.

அணியின் வெற்றி தோல்விக்குப் பெரிய அர்த்தம் கிடையாது. 2021-ல் சாக்ரமெண்டோ கிங்ஸ் பட்டம் வென்றது. பஞ்சாபைச் சேர்ந்த பிரின்ஸ்பால் சிங் அந்த அணியில் இருந்ததால் இந்தியாவிலும் அந்த வெற்றியைக் கொண்டாடினோம். அடுத்த சீசனில் கிங்ஸ் பட்டத்துக்கான கடைசிக் கட்டமான பிளேஆஃபுக்கே போகவில்லை.

வேகஸில் மாலை 7 மணி ஆட்டம் நமக்கு மறுநாள் காலை ஏழரைக்கு வரும். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் பெரும்பாலும் இரண்டு நிமிட வீடியோதான் பார்க்க முடிகிறது. அதில் பந்தை வளையத்துக்குள் அறையும் டங்க்கும், மூன்று பாயிண்ட் ஷாட்டும் மட்டும் இருக்கும். நான் செய்வது இது: ஓர் ஆட்டம், ஒரே வீரர், ஒரே ஒரு குவார்ட்டர். பத்து நிமிடம்தான். பந்தைப் பார்க்காமல் அவரை மட்டும் பார்ப்பேன். எதிரணியின் பந்து வலது பக்கம் இருக்கிறது, இவர் இடது மூலையில் ஒருவரைக் காக்கிறார். பந்து உள்ளே பாயும்போது இவர் ஓரடி முன்னாலேயே நடுவுக்கு நகர்ந்துவிட்டாரா, இல்லை எல்லாம் முடிந்த பிறகு திரும்பிப் பார்க்கிறாரா? உதவிக்குப் போனவர், பந்து மறுபடி மூலைக்குப் பறந்ததும் திரும்பி ஓடி, கடைசி இரண்டு அடியில் வேகத்தைக் குறைத்துக் கையை உயர்த்துகிறாரா, அல்லது காற்றில் பறந்து எதிராளியைக் கடந்தே போய்விடுகிறாரா? தவறு செய்த அடுத்த முறை அதே இடத்தில் என்ன செய்கிறார்? இந்த நாலைந்து அசைவு எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது. ஆனால் முதன்மை கோச் ஒரு புதுப்பையனுக்கு நிமிடம் கொடுப்பதும் மறுப்பதும் பெரும்பாலும் இவற்றை வைத்துத்தான்.

இப்படிப் பார்க்கப் பழகினால் இன்னொரு தவறும் தானாகக் குறையும்: டிராஃப்டில் முன்னால் வந்தவர்களை மட்டும் பார்ப்பது. 2010-ல் வாஷிங்டனும் டல்லாஸும் மோதியபோது எல்லோர் கண்ணும் டிராஃப்டின் முதல் வீரரான ஜான் வால் மேல் இருந்தது. கடைசிக் கட்டத்தில் அவருக்கு நேருக்கு நேர் நின்று ஈடுகொடுத்தவர் யாருமே தேர்வு செய்யாத ஜெரமி லின். அந்த ஜூலை முடிவதற்குள் கோல்டன் ஸ்டேட் அவரை ஒப்பந்தம் செய்தது. 2017-ல் லேக்கர்ஸின் லான்சோ பாலுக்குக் கூட்டம் கூடியது. முதல் ஆட்டத்தில் அவர் 15 எறிந்து 2 மட்டும் போட்டு, பிறகு தேறி விருதும் வாங்கினார். அவருக்குக் காயம்பட்டதும் அந்த இடத்தில் இறங்கியவர் அலெக்ஸ் கரூசோ. முந்தைய ஆண்டு டிராஃப்டில் அறுபது பெயர் வாசித்ததில் அவர் பெயர் இல்லை. பந்தைப் பறிகொடுக்காமல் கொண்டு போவார், உதவிக்கு ஓடுவார், கீழே உருளும் பந்துக்குப் பாய்வார். லேக்கர்ஸ் அவருக்கு, துணை லீக்கிலும் ஆட வேண்டிய சின்ன ஒப்பந்தம் ஒன்றைக் கொடுத்தது. 2020-ல் லேக்கர்ஸோடும் 2025-ல் ஓக்லஹோமா சிட்டியோடும் கரூசோ சாம்பியன்.