அடுக்குப் பத்தாயம் செய்வது எப்படி: முதல்முறை செய்பவர்களுக்கான விளக்கம்

தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்துப் பழைய வீடுகளில் கூடத்தையோ இரண்டாம் கட்டையோ அடைத்துக்கொண்டு ஒரு பெரிய மரப்பெட்டி நிற்கும். அதுதான் பத்தாயம். வருடத்துக்கான நெல் அதில்தான் இருக்கும். பார்ப்பதற்கு ஒரே பெட்டி மாதிரி தெரிந்தாலும் பல பத்தாயங்கள் தனித்தனி அடுக்குகளாகச் செய்யப்பட்டவை. ஒவ்வோர் அடுக்கும் அடியும் மூடியும் இல்லாத ஒரு மரச்சட்டகம். ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் பத்தாயம், கழற்றினால் வெறும் பலகைகள்.

இந்த அடுக்கு முறை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. அறுவடை முடிந்ததும் கீழ் அடுக்கை வைத்து நெல்லைக் கொட்டலாம், அது நிறைந்ததும் அடுத்த அடுக்கை ஏற்றலாம். மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கி ஏணியில் ஏற வேண்டியதில்லை. நெல் குறையக் குறைய மேலடுக்கைக் கழற்றி வைத்துவிடலாம். குறுகலான வாசல் வழியாகவும் உள்ளே கொண்டுபோகலாம். இன்னொரு நன்மையும் உண்டு. மரம் மழைக்காலத்தில் உப்பி வெயிலில் சுருங்கும். ஓரடி அகலப் பலகை அகலவாக்கில் சில மில்லிமீட்டர் கூடிக் குறையும். அடுக்குகள் ஒன்றோடொன்று ஆணியால் பிணைக்கப்படாமல் சும்மா உட்கார்ந்திருப்பதால், அந்த அசைவு பலகையைப் பிளக்காது.

பாரம்பரிய நெல்லை வீட்டிலேயே வைத்து அவ்வப்போது அரைத்துச் சாப்பிட நினைப்பவர்கள் இப்போது மறுபடி பத்தாயத்தைத் தேடுகிறார்கள். அவர்களுக்காக ஒரு அளவை எடுத்துக்கொண்டு அடியிலிருந்து முடி வரை சொல்கிறேன்.

முதலில் அளவு

உள்ளளவு 4 அடிக்கு 4 அடி, ஓரடி உயரத்தில் 5 அடுக்குகள். மொத்தம் 80 கன அடி. நன்றாகக் காய்ந்த நெல் ஒரு கன அடிக்கு ஏறத்தாழ 16 கிலோ நிற்கும். மேலே அரை அடி காலியாக விட்டால் 72 கன அடி, அதாவது சுமார் 1,150 கிலோ. 60 கிலோ மூட்டைக் கணக்கில் 19 மூட்டை.

களத்திலிருந்து வரும் நெல்லின் எடையை வைத்து அளவு போடாதீர்கள். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் வரை வாங்குவார்கள். ஆனால் வருடக்கணக்கில் பத்தாயத்தில் வைக்க 13 சதவீதம் அளவுக்காவது காய வேண்டும். 17 சதவீத ஈரத்தில் 20 மூட்டை நெல் 13 சதவீதத்துக்குக் காய்ந்தால் 19 மூட்டைதான். ஒரு மூட்டை வெறும் தண்ணீராகப் போய்விடும்.

ஒரு மூட்டை நெல்லை அரைத்தால் 38, 39 கிலோ அரிசி கிடைக்கும். மாதம் 50 கிலோ அரிசி செலவாகும் பெரிய குடும்பத்துக்கும் இந்தப் பத்தாயம் ஒரு வருடம் வந்து மிஞ்சும். சின்னக் குடும்பம் என்றால் 3 அடுக்கு போதும். பின்னால் வேண்டியபோது கூட்டிக்கொள்ளலாம்.

நெல் எப்படித் தள்ளும்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். நான் முதலில் செய்த பத்தாயத்துக்கு எல்லா அடுக்கிலும் ஓரங்குலப் பலகைதான் போட்டேன். பார்க்க உறுதியாகத்தான் இருந்தது. நெல் நிறைந்த சில நாளில் கீழடுக்கின் நடுப்பகுதி வெளியே பிதுங்கி, முதல் அடுக்குக்கும் இரண்டாம் அடுக்குக்கும் இடையில் இடைவெளி விட்டு நெல் ஒழுக ஆரம்பித்துவிட்டது. அந்த இடைவெளிதான் வண்டுக்கும் வாசல்.

தண்ணீர் எந்த ஆழத்தில் இருக்கிறதோ அந்த ஆழத்தின் முழு எடையோடு பக்கவாட்டிலும் தள்ளும். நெல் அப்படியில்லை. மணிக்கு மணி உராய்ந்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால்தான் களத்தில் குவியலாக நிற்கிறது. அதனால் பக்கத்துக்குத் தள்ளும் விசை, மேலிருந்து அழுத்தும் எடையில் பாதி என்று வைத்துக்கொண்டால் பாதுகாப்பான கணக்கு.

அப்படிப் பார்த்தால், 5 அடி ஆழத்தில் ஒரு சதுர அடிக்கு 16 × 5 = 80 கிலோ கீழ்நோக்கி அழுத்தும், அதில் பாதி 40 கிலோ பக்கவாட்டில் தள்ளும். கீழடுக்கின் ஒரு பலகை 4 சதுர அடி. ஆக, அந்த ஒரு பலகையை மட்டும் 160 கிலோ வெளியே தள்ளுகிறது. மேலடுக்குப் பலகையின் மேல் 32 கிலோவைத் தாண்டாது. அதே பெட்டியில் தண்ணீர் நிறைத்தால் அடியில் சதுர அடிக்கு 140 கிலோவுக்கு மேல் இருக்கும்.

நெல் பலகைச் சுவரிலும் உராய்ந்து தொங்குவதால் உண்மையான அழுத்தம் இதைவிடக் குறைவாகவே இருக்கும். உயரமான தானியக் கிடங்குகளில் ஆழம் கூடினாலும் அழுத்தம் ஓரளவுக்கு மேல் ஏறாது என்பதை 1895இல் யான்சென் என்ற ஜெர்மன் பொறியாளர் கணக்காகவே எழுதி வைத்தார். இன்றைய சைலோக்களின் கணக்கு அதிலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் நம்முடையது 5 அடிதான். அந்தச் சலுகையைக் கணக்கில் எடுக்காமல் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, 160 கிலோவுக்குப் பலகை எவ்வளவு வளையும்? தேக்கில் ஓரங்குலக் கனம் என்றால் நடுவில் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். ஒடியாது, ஆனால் மூட்டு திறந்துகொள்ளும். ஒன்றரை அங்குலம் என்றால் 3 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். வளைவு கனத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு எதிராக மாறுவதால்தான் அரை அங்குலம் இவ்வளவு வேலை செய்கிறது. மேல் இரண்டு அடுக்குக்கு ஓரங்குலம் தாங்கும் என்றாலும் ஐந்தையும் ஒன்றரை அங்குலத்திலேயே செய்யச் சொல்வேன். எந்த அடுக்கையும் எங்கும் மாற்றி வைக்கலாம், மூட்டுகளும் ஒரே அளவில் இருக்கும்.

மரம்

புதுத் தேக்கு விலை எட்டாது. பழைய வீடு இடிக்கும் இடங்களில் கிடைக்கும் தேக்கு, பலா, வேம்புப் பலகைகள் இதற்கு மிகப் பொருத்தம். ஏற்கெனவே பல வருடம் காய்ந்திருக்கும், இனிமேல் முறுக்காது. வேறு மரம் எடுத்தால் வளைவு கூடும், ஆகவே கனத்தைக் குறைக்காதீர்கள். மாமரம் வேண்டாம். உளுத்துப்போகும்.

பழைய பலகையில் பெயின்ட், தார், கழிவு ஆயில் பூசிய தடம் இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கரையானுக்கு மருந்து ஏற்றிய மரமும் கூடாது. நாம் சாப்பிடும் நெல் அதைத் தொட்டுக்கொண்டு வருடம் முழுக்க இருக்கப்போகிறது.

எல்லாம் சேர்த்து 19 கன அடி மரம் பிடிக்கும். அறுப்புக் கழிவுக்கும் சேர்த்து 22 கன அடி வாங்குங்கள். ஓரடி அகலத்தில் பலகை கிடைக்காவிட்டால் ஆறு அங்குலப் பலகை இரண்டை, விளிம்பில் காடி (நீளப் பள்ளம்) எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

கால்களும் தளமும்

நான்குக்கு நான்கு அங்குலத்தில், இரண்டரை அடி உயரத்தில் 4 கால்கள். அவற்றின்மேல் 4 × 5 அங்குலச் சட்டம் இரண்டு, 5 அங்குலப் பக்கம் நிமிர்ந்திருக்க வேண்டும். அதன் குறுக்கே 3 × 4 அங்குலச் சட்டம் நான்கை 16 அங்குல இடைவெளியில் வைத்து, மேலே ஒன்றரை அங்குலப் பலகையால் தளம் போடுங்கள். நெல்லும் மரமும் சேர்ந்து ஒன்றரை டன்னைத் தாண்டும், ஒரு காலுக்கு 400 கிலோ வரும். ஆகவே கால்களைச் சாய்வுச் சட்டத்தால் ஒன்றோடொன்று கட்டாமல் விடாதீர்கள்.

காலுக்கு அடியில் கல் பலகை வையுங்கள், கரையான் ஏறுவது குறையும். ஒவ்வொரு காலிலும், சாய்வுச் சட்டத்துக்கு மேலே, தகரத்தைப் புனல்போல் வளைத்துக் கவிழ்த்து அடித்தால் எலி ஏறாது. சுவரிலிருந்து இரண்டு அடியாவது தள்ளி நிறுத்துங்கள். சுவரை ஒட்டினால் எலிக்குக் காலே தேவையில்லை.

ஒரு அடுக்கு செய்வது

ஓர் அடுக்குக்கு 4 பலகைகள். நான்கும் ஒரே நீளம், 57 அங்குலம். இரண்டில் துளை, இரண்டில் கழுந்து, அதாவது அந்தத் துளைக்குள் நுழையும் நாக்கு. முதலில் தரையில் சாக்கட்டியால் முழு அளவில் வரைந்து, பலகையை அதன்மேல் வைத்துப் பாருங்கள். இதற்குச் செலவாகும் ஒரு மணி நேரம் பின்னால் ஒரு பலகையைக் காப்பாற்றும்.

துளைப் பலகை: இரு முனையிலிருந்தும் 3 அங்குலம் விட்டு, ஒன்றரை அங்குல அகலமும் 5 அங்குல உயரமும் உள்ள துளை. மேலும் கீழும் மூன்றரை அங்குலம் இருக்க வேண்டும்.

கழுந்துப் பலகை: இரு முனையிலும் நாலரை அங்குலத்தில் கோடு போட்டு, நடுவில் 5 அங்குலத்தை மட்டும் விட்டுவிட்டு மேலும் கீழும் மூன்றரை அங்குலத்தை அறுத்து எடுங்கள். மிச்சம் நிற்பதுதான் கழுந்து. அது துளைப் பலகையைக் கடந்து 3 அங்குலம் வெளியே நீளும்.

இப்போது ஆப்பு. வெளியே நீளும் கழுந்தில் பக்கவாட்டாக ஒரு துளை போட்டு அதில் ஆப்பு அடிக்கிறோம். அந்தத் துளை துளைப் பலகையின் வெளிமுகத்தில் தொடங்கக் கூடாது. அதற்கு அரைக்கால் (1/8) அங்குலம் உள்ளே தொடங்க வேண்டும். அப்போதுதான் ஆப்பு பலகையை அழுத்தி இழுக்கும். வெளிமுகத்தோடு சரியாகத் துளைத்தால் ஆப்பு துளையில்தான் இறுகும், மூட்டு தளர்ந்தே இருக்கும். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ஆப்பு 5 அங்குல நீளம், ஒரு முனை அரை அங்குலம், மறுமுனை ஓரங்குலம். கருவேல மரம் நல்லது. பசை வேண்டாம், ஆணி வேண்டாம். ஆப்பைத் தட்டி எடுத்தால் அடுக்கு நாலு பலகையாகப் பிரிந்துவிடும்.

மாட்டிய அடுக்கு 40 கிலோவுக்கு மேல் இருக்கும், தூக்க இரண்டு பேர் வேண்டும்.

அடுக்கு நகராமல் இருக்க, ஒவ்வொரு பலகையின் மேல் விளிம்பிலும் ஓரங்குலத் தடிமனில் இரண்டு மர முளைகள், அடுத்த பலகையின் அடியில் அதற்கேற்ற குழிகள். தள்ளும் விசையை அந்தந்த அடுக்கின் ஆப்புகளே தாங்கிக்கொள்ளும். முளை வழிகாட்ட மட்டும்தான். எல்லா அடுக்குக்கும் ஒரே அச்சுப் பலகையை வைத்துக் குறியுங்கள்.

நெல் எடுக்கும் வாய்

கீழடுக்கின் அடியில் 6 அங்குல அகலம், 5 அங்குல உயரத்தில் ஒரு வாய், வெளிப்பக்கம் மேலே இழுக்கும் தள்ளுபலகை. வாயைப் பலகையின் நடுவில் வெட்டாதீர்கள். பலகை அதிகம் வளைய முயல்வது அங்கேதான். மூலையிலிருந்து 4 அங்குலம் தள்ளி வெட்டினால் அந்த இடத்தில் வளைவு விசை பாதிதான் இருக்கும். வாய்க்கு மேல் பலகை நீளத்துக்கு 2 × 2 அங்குலச் சட்டம் ஒன்றை வெளிப்பக்கம் அடித்துவிடுங்கள். தளம் சமமாக இருப்பதால் கடைசி நெல் தானாக வராது. அதற்குள் மேலடுக்குகளைக் கழற்றியிருப்பீர்கள், முறத்தால் அள்ளிவிடலாம்.

மூடி ஓரங்குலப் பலகை, நடுவில் ஒன்றரை அடிச் சதுரத்தில் பூட்டுள்ள கதவு.

நிரப்புவதற்கு முன்

அடுக்கு சேரும் கோடுகளில் வெளிப்பக்கமாகப் பசுஞ்சாணமும் களிமண்ணும் குழைத்துப் பூசி இரண்டு நாள் காயவிடுங்கள். உள்ளே விளக்கை வைத்து இருட்டில் பார்த்தால் எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே மறுபடி பூச வேண்டும்.

நெல் காய்ந்ததா என்று பார்க்க ஈரமானி இல்லாதவர்கள், நன்றாகக் காய்ந்த உப்பு கொஞ்சத்தை நெல்லோடு ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடிக் குலுக்கிக் கால் மணி நேரம் விடுங்கள். கண்ணாடியில் உப்பு ஒட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஒட்டாவிட்டாலும் ஒரு நாள் கூடுதலாக வெயிலில் போடச் சொல்வேன். அப்புறம் சூடு ஆறிய பிறகுதான் கொட்ட வேண்டும். களத்துச் சூட்டோடு கொட்டினால் மேல்பரப்பில் வியர்த்து ஈரம் கோக்கும்.

ஒவ்வோர் அடுக்கு நிறையும்போதும் உலர்ந்த வேப்பிலையும் நொச்சியும் பரப்பலாம். பூச்சி வந்ததா என்று தெரிந்துகொள்ள, கோவை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய துளையிட்ட குழாய்ப் பொறியை நெல்லுக்குள் செருகி வையுங்கள். வண்டு துளை வழியே குழாய்க்குள் விழுந்து அடியில் சேரும். வண்டு தென்பட்டால் நெல்லை வெளியே எடுத்து மறுபடி காயவைப்பதுதான் வழி. விஷவாயு விடும் மாத்திரைகளை வீட்டுப் பத்தாயத்தில் போடவே கூடாது. மரப்பெட்டியில் வாயு நிற்காது, வீட்டில் தூங்குபவர்களிடம் வந்துவிடும். அதில் உயிர் போயிருக்கிறது.

குழந்தைகள் பத்தாயத்துக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாய் திறந்து நெல் ஓடும்போது மேலே நிற்பவர் உள்ளே புதைந்துவிடலாம். மூடிய பத்தாயத்துக்குள் பெரியவர்கள் இறங்க வேண்டியிருந்தாலும் கதவைத் திறந்து நன்றாகக் காற்றாடவிட்டு, பக்கத்தில் ஒருவரை நிறுத்திவிட்டு இறங்குங்கள்.

நிரப்பிப் பதினைந்து நாள் கழித்து எல்லா ஆப்புகளையும் ஒருமுறை மரச்சுத்தியால் தட்டிப் பாருங்கள். கீழடுக்கில் இரண்டொன்று தளர்ந்திருக்கும். இறுக்கிவிட்டு, சாணப் பூச்சு விரிந்த இடத்தில் மறுபூச்சு போட்டால் அடுத்த அறுவடை வரை நிற்கும்.