அந்தரங்கப் படத்தைக் காட்டிப் பிள்ளையை மிரட்டுகிறார்களா? உடனே செய்ய வேண்டியவை

இன்ஸ்டாகிராமில் புதிதாக ஒரு நட்பு. இரண்டு நாள் அரட்டை, ஒரு வீடியோ கால். மூன்றாம் நாள், "ஐயாயிரம் அனுப்பு, இல்லாட்டி உன் ஃபாலோயர்ஸ் எல்லாருக்கும் இது போகும்" என்று மெசேஜ். பெண் பிள்ளைகளுக்குத்தான் இப்படி நடக்கும் என்று இருந்துவிடாதீர்கள், பையன்களும் சிக்குகிறார்கள்.

பிள்ளை வந்து சொன்னால் திட்ட வேண்டாம், போனைப் பிடுங்கவும் வேண்டாம். "அப்பாவுக்குத் தெரிஞ்சா தொலைஞ்சேன்" என்ற பயம்தான் மிரட்டுகிறவனின் முதலீடே. அன்றிரவு பிள்ளையைத் தனியாகப் படுக்க விடாதீர்கள்.

பணம் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. கொடுக்கக் கூடிய வீடு என்று தெரிந்துவிட்டால் அடுத்த தொகை கேட்பான். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணை எடுத்துக்கொண்டு உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். தாமதித்தால் பணம் கணக்கு மாறிக்கொண்டே போய்விடும், முடக்குவது கடினம்.

பிளாக் செய்வதற்கு முன் ஆதாரம் சேர்க்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: பதற்றத்தில் சாட் முழுவதையும் அழித்துவிடுகிறார்கள். மிரட்டல் மெசேஜ்கள், அவனுடைய புரொஃபைல் பக்கம், யூசர்நேம், பணம் கேட்ட யுபிஐ ஐடி, எல்லாவற்றையும் தேதி, நேரம் தெரியும்படி பதிவு செய்யுங்கள். தானே மறையும் மெசேஜ் என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்ததும் எதிராளிக்குத் தகவல் போய்விடக்கூடும். இன்னொரு போனால் திரையைப் படம் பிடிப்பதே நல்லது. அந்தரங்கப் படத்தை மட்டும் யாருக்கும், சித்தப்பாவுக்குக்கூட, ஃபார்வேர்ட் செய்யாதீர்கள். 18 வயதுக்குக் கீழுள்ளவரின் அத்தகைய படத்தைப் பரப்புவதே குற்றம். பிறகு கணக்கை ரிப்போர்ட் செய்து, பிளாக் செய்யுங்கள்.

அசல் படம் பிள்ளையின் போனில் இருந்தால் அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். அமெரிக்காவின் காணாமற்போன, சுரண்டலுக்குள்ளான குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்தும் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவைக்கு அது தேவைப்படும். படம் போனை விட்டு வெளியே போகாது. அதிலிருந்து கைரேகை மாதிரி ஒரு குறியீடு மட்டும் உருவாகி, இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்களுக்குப் போகும். அதை வைத்து அவை அந்தப் படத்தை அடையாளம் கண்டு நீக்கலாம். வெட்டிய, திருத்திய படத்துக்குக் குறியீடு மாறிவிடும் என்பதால் அதைத் தனியாகப் பதிய வேண்டும். வாட்ஸ்அப் தனி அரட்டைக்குள் இது எட்டாது.

புகாரை தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் பிரிவில் பதியலாம். பெயர் சொல்லாமலும் முடியும். ஆனால் புகார் எந்த நிலையில் இருக்கிறது என்று தொடர்ந்து பார்க்க, போன் எண் கொடுத்துப் பதிவதே மேல். ஸ்டேஷனுக்குப் பிள்ளையை அழைத்துப் போகத் தயங்குகிறவர்களுக்கு: குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின்படி வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ, குழந்தை விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாத அதிகாரிதான் வாங்க வேண்டும். இதைக் கேட்டு வாங்குங்கள். குழம்பி நின்றால் 1098, குழந்தைகள் உதவி எண்.

கடைசியாக, பிள்ளையின் கணக்கைப் பிரைவேட் ஆக்கி, தெரியாத ஃபாலோயர்களை நீக்குங்கள். நம்பகமான ஒன்றிரண்டு நண்பர்களிடம் "ஏதாவது வந்தா திறக்காதே, ரிப்போர்ட் பண்ணு" என்று பிள்ளையே சொல்லிவைக்கட்டும்.